மாரியும் வீட்டுத்தோட்டமும்: ஐப்பசி முதல் மாசி வரை எங்கள் வளவுகளில் நடப்பவை

2024 நவம்பர் கடைசி வாரத்தில் எங்கள் வளவுக்குள் மூன்று நாட்கள் தண்ணீர் நின்றது. பின்னர் பெங்கல் புயலாக மாறிப் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்த தாழமுக்கம், அதற்கு முன்னர் எங்கள் கிழக்குக் கரையோரமாக மெல்ல நகர்ந்தபோது கொட்டிய மழை அது. வெள்ளம் வடிந்த காலையில் நான் முதலில் போய்ப் பார்த்தது கத்தரிப் பாத்தியை. கன்றுகள் பச்சையாகத்தான் நின்றன. மத்தியான வெயில் பட்டதும் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன. வேர் அழுகிவிட்டது. நாற்பது கன்றில் மிஞ்சியது ஆறு.

நான் இருப்பது கிளிநொச்சி மாவட்டத்தில், கண்டாவளைப் பக்கம். 2010இல் மீள்குடியேறினோம். எங்கள் மாதர் சங்கத்தில் வீட்டுத்தோட்டம் செய்யும் குடும்பங்கள் பன்னிரண்டு. அவற்றில் ஏழு, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவருடைய வளவில் கூடுவோம். என்ன காய்த்தது, என்ன அழிந்தது, யாரிடம் என்ன விதை இருக்கிறது என்று கதைப்போம். அந்தக் கதைகளை நான் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். புதிதாகக் காணிக்குத் திரும்புகிறவர்களும், வெளிநாட்டிலிருந்து வந்து பெற்றோரின் வளவைத் துப்புரவாக்குகிறவர்களும் மாரியில் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக அந்தக் கொப்பியில் இருப்பதை மாத ஒழுங்கில் இங்கே தருகிறேன்.

எங்கள் குளிர்காலம்

எங்களுக்கு உறைபனி இல்லை. எங்கள் குளிர்காலம் என்பது மழையும் அதன் பின்னால் வரும் பனியும்தான். வடக்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பெய்து முடிந்துவிடும். ஒக்ரோபர், நவம்பரில் இடைப்பருவ மழையும் தாழமுக்கங்களும். டிசம்பரிலிருந்து வடகீழ்ப் பருவக்காற்று. மார்கழி, தையில் அதிகாலை வெப்பநிலை 22, 23 பாகை செல்சியஸ் வரை இறங்கும். கரட், பீற்றூட், கோவா, உருளைக்கிழங்கு போன்ற மலைநாட்டுப் பயிர்கள் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வருவதற்கு இந்தச் சின்னக் குளிர்தான் காரணம். 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடை செய்யப்பட்ட பின்னர் குடாநாட்டில் அந்தப் பயிர் பெருகியதை எங்கள் தகப்பன்மாரின் தலைமுறை நன்றாக அறியும்.

வயல்காரருக்கு இது காலபோகம். வீட்டுத்தோட்டக்காரருக்கு இது ஒரே நேரத்தில் வாய்ப்பும் ஆபத்தும். தண்ணீர் இறைக்கத் தேவையில்லை, எரிபொருள் செலவில்லை. ஆனால் ஒரு வெள்ளம், ஒரு நோய், ஒரு கட்டாக்காலி மாடு போதும், மூன்று மாத உழைப்பு போய்விடும். 2008 நவம்பரில் நிசா புயல், 2018 டிசம்பர் 21, 22இல் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்ட வெள்ளம், 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்த புரேவி, பின்னர் 2024. நிசா புயல் வந்தபோது நாங்கள் தர்மபுரத்தில் தறப்பாளின் கீழ் இருந்தோம். பதுங்குகுழிக்குள் தண்ணீர் நிறைந்து, ஷெல் வந்தால் எங்கே இறங்குவது என்று தெரியாமல் நின்ற இரவு அது. அதற்குப் பிறகு மழை இருட்டினால் எனக்கு வயிறு பிசையும். தோட்டம் செய்யத் தொடங்கிய பின்னர்தான் மழையைத் திரும்பவும் ஆசையோடு பார்க்கப் பழகினேன்.

ஐப்பசி: பாத்தி உயர்த்துகிற மாதம்

மாரித் தோட்டத்தின் வெற்றி தோல்வி முதல் மழைக்கு முன்னரே பாதி தீர்மானமாகிவிடும். கோடையில் பாத்தியைப் பள்ளமாக வெட்டுவோம், இறைக்கிற தண்ணீர் நிற்கவேண்டும் என்பதற்காக. மாரியில் அது தலைகீழ். பாத்தி மேடாக இருக்கவேண்டும், சுற்றிவர வாய்க்கால் ஓடவேண்டும். ஒரு மீற்றர் அகலம், அரையடி உயரம் என்பது வழமையான கணக்கு. களிமண் கலந்த எங்கள் பக்கத்து மண்ணுக்கு அது காணாது. 2024இல் தப்பிய இரண்டு வளவுகளிலும் பாத்தி ஓரடிக்கு மேல் இருந்தது. ஒரு அக்கா பழைய பனங்குற்றிகளைச் சுற்றி அடுக்கி, நடுவில் கூட்டெருவும் மண்ணும் நிரப்பியிருந்தார். அவருடைய மிளகாய் இன்றும் காய்க்கிறது.

நாற்றுமேடைக்கு ஒரு பழைய முறை உண்டு. மேடையை நனைத்து, வைக்கோலும் உமியும் அடுக்கடுக்காகப் போட்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கமாகக் கொளுத்தி மெதுவாக எரியவிடவேண்டும். மண்ணிலுள்ள பூஞ்சணமும் களைவிதையும் அந்தச் சூட்டில் சாகும். மாரியில் கன்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்து விழுவது பெரும்பாலும் அந்தப் பூஞ்சணத்தால்தான். எரித்த மேடையில் விதைத்து, மேலே பந்தல் போல ஒரு பொலித்தீன் கட்டினால் கனமழை விதையை அடித்துக்கொண்டு போகாது. பொலித்தீன் மேடையைத் தொடக்கூடாது. பக்கங்கள் திறந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் புழுங்கி நோய் கூடும்.

தக்காளிக் கன்றை மூன்று நான்கு கிழமையிலும், கத்தரியை நான்கு கிழமையளவிலும், மிளகாயை நான்கு ஐந்து கிழமையிலும் பிடுங்கி நடலாம். இடைவெளி மிளகாய்க்கு 60க்கு 45 சென்ரிமீற்றர், தக்காளிக்கு 80க்கு 50, கத்தரிக்கு 90க்கு 60. மாரியில் நெருக்கி நடுவது இலாபம் போலத் தெரியும். காற்றோட்டம் இல்லாமல் இலை காயாது, நோய் ஒரு கன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும்.

ஐப்பசியில் மண் இளகும்போது இன்னொன்றையும் மறக்கக்கூடாது. எங்கள் காணிகளில் கண்ணிவெடி அகற்றிய பிறகுதான் குடியேற்றினார்கள். இருந்தாலும் மழை மண்ணைக் கழுவும்போது பழைய ஷெல், கைக்குண்டு, வெடிக்காத பொருள்கள் மேலே வரும். முகமாலைப் பக்கத்தில் போர் முடிந்து ஆண்டுகள் பலவாகியும் அகற்றும் வேலை முடியவில்லை. புதிதாகக் கொத்தும் இடத்தில் மண்வெட்டி இரும்பில் பட்டால் நிறுத்துங்கள். தொடவோ, எடுத்து வேலிக்கரையில் வைக்கவோ வேண்டாம். ஒரு தடியில் துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். குப்பை கொளுத்துவதும் அப்படித்தான். முன்னர் கொத்தாத இடத்தில் நிலத்தோடு தீ மூட்டவேண்டாம்.

கார்த்திகை: மரமும் கதியாலும்

வடமாகாண சபை இயங்கிய 2013 முதல் 2018 வரையான காலத்தில் கார்த்திகை மரநடுகை மாதமாக அறிவிக்கப்பட்டது. சபை போய்விட்டது, வழக்கம் நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடங்கள், சனசமூக நிலையங்கள், கோயில்கள், இளைஞர் கழகங்கள் இந்த மாதத்தில் கன்று நடுகின்றன. குளக்கட்டுகளிலும் வீதியோரங்களிலும் பனம் விதை ஊன்றுகிறார்கள். மாவீரர் நாளையொட்டிப் பெற்றோரை மதிப்பளிக்கும் இடங்களில் அவர்களின் கையில் ஒரு தென்னம்பிள்ளை அல்லது பழமரக்கன்று கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. எங்கள் ஊரில் அப்படி வந்த தென்னைகள் சில இப்போது காய்க்கின்றன. பிள்ளையின் பெயரைச் சொல்லி அந்த மரத்தைக் கூப்பிடும் தாய் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். மகன் விழுந்த இடம் தெரியாது, கல்லறையும் இல்லை. "இதுக்காவது தண்ணி ஊத்தலாம்" என்பார். நாங்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை.

கன்று நடுவது எளிது, பிழைக்க வைப்பது கடினம். கார்த்திகையில் நட்டது தை வரைக்கும் தானாக வளரும். மாசி, பங்குனியில்தான் சாகும். ஆகவே எண்ணிக்கைக்கு நடாமல், கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று முதலில் தீர்மானியுங்கள். இரண்டடி ஆழக் குழியில் தென்னம்பொச்சு அடுக்கி, அதன்மேல் எருவும் மண்ணும் போட்டு நட்டால் பொச்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

வேலிக்கும் இதுதான் காலம். பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்கள் மாரி ஈரத்தில் இலகுவாக வேர்விடும். மீள்குடியேறியபோது எங்களுக்குத் தந்தது முட்கம்பியும் சீமெந்துத் தூணும். அது எல்லையைக் காட்டும், மண்ணுக்கு ஒன்றும் தராது. கதியால் வேலி குழை தரும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசங்குழையை வெட்டி மண்ணுக்குள் தாழ்த்தியே தலைமுறை தலைமுறையாக மண்ணைக் காத்தார்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் யூரியா எங்கள் பக்கம் வரத் தடை இருந்தது. அப்போது குழையும் சாணமும்தான் கைகொடுத்தன. 2021 மே மாதம் நாடு முழுவதற்கும் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டு, அந்த நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டபோது தெற்கில் விவசாயிகள் திகைத்து நின்றார்கள். எங்கள் கிழவிகள் "இது எங்களுக்குப் புதுசோ?" என்று கேட்டுவிட்டுக் குழை வெட்டப் போனார்கள். வயல்காரருக்கு அந்தப் போகம் பெரிய அடி. சின்ன வளவுகள் தாக்குப்பிடித்தன.

கார்த்திகைப்பூவைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் மழையோடு வேலிகளில் கொடி ஏறி, மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும். பலருக்கு அது வெறும் பூவல்ல என்பது உண்மை. ஆனால் செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. கலப்பை போல வளைந்த அந்தக் கிழங்கை வற்றாளங்கிழங்கு என்று எண்ணி அவித்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. வேலியில் நிற்கட்டும். கிழங்குப் பாத்திக்குப் பக்கத்திலும், பிள்ளைகள் மண் கிண்டி விளையாடும் இடத்திலும் வேண்டாம்.

வெள்ளம் வடிந்த பின்

அந்த மாரியில் நாங்கள் பட்டுப் படித்தவை இவை.

முதல் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. பாத்திக்குள் ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றால் மிளகாய், கத்தரி, தக்காளி, பப்பாசி நான்கும் தாங்காது. பொன்னாங்காணி, வல்லாரை, வாழை ஓரளவு தாங்கும். ஈர மண்ணை மிதிக்கவேண்டாம். மிதித்த மண் இறுகி, வேர் மூச்சுவிட இடமில்லாமல் போகும். மண் உதிரும் பதத்துக்கு வந்த பிறகு மெதுவாகக் கொத்திவிடலாம். அழுகிய கன்றை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். கூட்டெருக் குழியில் போட்டால் நோய் அடுத்த பாத்திக்குப் போகும். அதே இடத்தில் மீண்டும் கத்தரி, தக்காளி, மிளகாய் நடாமல் பயிற்றையோ கீரையோ போடுங்கள். முளைக்கீரை மூன்று நான்கு கிழமையில் பிடுங்கலாம். வெள்ளத்துக்குப் பின் கைக்கு முதலில் காசு தருவது அதுதான்.

இரண்டாவது, கிணறு. வெள்ளம் மேவிய கிணற்றை இறைத்து, குளோரின் இட்ட பிறகே பாவிக்கவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் செய்து தருவார்கள்.

மூன்றாவது, உங்கள் உடம்பு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவி உயிர்களைப் பறித்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதி செய்யப்பட்டது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரிலிருந்து, காலிலுள்ள சிறு காயம் வழியாக அது உடம்புக்குள் போகும். வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை தருகிறார்கள். வாங்கிக் குடியுங்கள். காய்ச்சல், தசைநோ, கண்சிவப்பு இருந்தால் பனடோலோடு வீட்டில் கிடக்காமல் ஆசுப்பத்திரிக்குப் போங்கள், சேற்றில் வேலை செய்ததைச் சொல்லுங்கள். சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய ரயரில் தண்ணீர் நின்றால் டெங்கு. வெள்ளத்தில் புற்றிழந்த பாம்புகள் வைக்கோல், ஓலைக் குவியல்களுக்குள் வரும். புடையனும் சுருட்டையும் கிடக்கும் இடம் என்று நினைத்துத் தடியால் தட்டிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும்.

நான்காவது, பதிவு. வீட்டுத்தோட்டத்துக்கு நட்டஈடு கிடைப்பது அரிது. எங்கள் குழுவில் விண்ணப்பித்த ஒருவருக்கு "வயல் என்றால் பார்க்கலாம்" என்றுதான் பதில் வந்தது. ஆனாலும் அழிவைப் படம் எடுத்து, கமநல சேவை நிலையத்திலும் கிராம அலுவலரிடமும் பதிந்து வையுங்கள். பின்னர் விதை, கன்று பகிரும்போது பதிவு இருப்பவரின் பெயர் முன்னுக்கு வரும்.

மார்கழி: பனியும் பூச்சியும்

விளக்கீட்டுக்குக் கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலிலும் எருக்கும்பியிலும் பந்தம் ஏற்றி முடிய, பிள்ளையார் கதையும் திருவெம்பாவையும் வரும். மழை விட்டு விட்டுப் பெய்யும், காலையில் பனி விழும். இலை காயாமல் இருக்கும் இந்த நாட்களில்தான் நோயும் பூச்சியும் கூடும். காலையில் ஒரு தரம் வளவைச் சுற்றி நடப்பதைவிடச் சிறந்த மருந்து இல்லை. ஒரு நாள் தாமதித்துக் கண்டால் ஒரு கன்று, ஒரு கிழமை தாமதித்தால் ஒரு பாத்தி.

மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்குக் கொஞ்சம் சவர்க்காரக் கரைசலும் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் படும்படி பின்னேரத்தில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும். பயிற்றையில் அழுக்கணவன் பிடித்தால் அடுப்புச் சாம்பலை அதிகாலைப் பனியில் தூவினால் ஒட்டிக்கொள்ளும். பாகல், புடோல் பிஞ்சுகளைப் பழ ஈ குத்தாமல் கடதாசிப் பையால் மூடுங்கள். விழுந்த பிஞ்சை அப்படியே விடாமல் பொறுக்கி, பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள். ஈயின் புழு அதற்குள்தான் இருக்கும்.

நத்தைத் தொல்லைக்கு இரவில் ரோச் வெளிச்சத்தில் பொறுக்குவதுதான் வழி. கையில் சொப்பிங் பை மாட்டிக்கொண்டு பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பை நேரடியாகப் பாத்தியில் கொட்டினால் நத்தையோடு மண்ணும் கெடும்.

தென்னையில் வெள்ளை ஈ வடக்கில் சில ஆண்டுகளாகப் பெரிய பிரச்சினை. ஓலையின் அடியில் வெள்ளையாகப் படிந்து, கீழ் ஓலைகள் கரி பூசியது போலக் கறுக்கும். கனமழை அதைக் கொஞ்சம் கழுவிவிடும். மழை ஓய்ந்ததும் மீண்டும் வரும். சிறிய மரங்களுக்கு அழுத்தமாகத் தண்ணீர் பீச்சுவதும் வேப்பெண்ணெயும் உதவும்.

பூச்சியைவிடப் பெரிய எதிரி மாடு. காலபோகத்தில் வயலெல்லாம் பயிர். மேய்ச்சல் இல்லாத மாடுகள் குடியிருப்புக்குள் வரும். பிடித்துக்கட்டித் தண்டம் அறவிடுவதாக ஒவ்வொரு மாரியிலும் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். எங்கள் ஒழுங்கைக்கு அந்த மாடு பிடிக்கும் ஆட்கள் இன்னும் வரவில்லை. குரங்கும் மயிலும் கூடச் சேர்ந்துவிட்டன. எங்கள் குழுவில் நான்கு வீட்டார் காணி எல்லைகளைச் சேர்த்து ஒரே வேலியாக அடைத்து, தனித்தனியே அடைக்கும் செலவைக் குறைத்தார்கள். வேலியால் சண்டை பிடித்த ஊரில் இது ஒரு செய்திதான்.

தை: சந்தையும் பொங்கலும்

2025 தையில் சந்தைக்குப் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேங்காய் ஒன்று 200 ரூபாயாக இருந்தது. பச்சைமிளகாய் கிலோ ஆயிரத்துக்கு மேலே போனது. 2024 தையிலும் கரட் ஆயிரத்தைத் தாண்டியது. கார்த்திகை மழை தோட்டங்களை அழித்தால் தையில் விலை ஏறும் என்பது ஆண்டுதோறும் நடப்பது. இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்த்திகை வெள்ளத்துக்குத் தப்பிய பத்து மிளகாய்க் கன்று தையில் ஒரு வீட்டின் கறிச்செலவைத் தாங்கும். நுண்கடனுக்குக் கிழமைக் கிழமை காசு கட்டும் பெண்களுக்கு அந்தப் பத்துக் கன்று என்பது அந்தக் கிழமைத் தவணை.

பொங்கலுக்கு முன்னர் இஞ்சி, மஞ்சள் கன்றும் வாழைக்குலையும் பூசணியும் விலைப்படும். கோடைத் தொடக்கத்தில் நட்ட இராசவள்ளி மார்கழி, தையில் கிண்டும் பதத்துக்கு வரும். கொடி காய்ந்து விழுவதுதான் அடையாளம். கிண்டும்போது கிழங்கின் தலைப்பக்கத்தை வெட்டிச் சாம்பல் தடவி, அடுத்த நடுகைக்கு நிழலில் வையுங்கள். மாரித் தொடக்கத்தில் பாத்தி போட்ட பனங்கொட்டை இப்போது கிழங்காகும். அவித்துத் தின்றது போக மிச்சத்தை வெயிலில் காயவைத்தால் ஒடியல், புழுக்கொடியல். இடப்பெயர்வில் எத்தனை நாள் எங்களைக் காப்பாற்றிய உணவு அது. தைப்பூசத்தில் புதிர் எடுக்கும் வீடுகளில் புது அரிசியோடு சமைக்க வளவுக் கத்தரிக்காய் இருந்தால் அந்த நாள் நிறைவு.

விதை எடுக்கிற காலம்

தைப்பனி விலகி வெயில் ஏறும்போது விதை எடுக்கவேண்டும். சில விதிகள்: முதல் காய்ப்பிலும் கடைசிக் காய்ப்பிலும் எடுக்கவேண்டாம், நடுக் காய்ப்பில் எடுங்கள். நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியைத் தெரிந்து ஒரு துணி கட்டி அடையாளம் வையுங்கள், பிள்ளைகள் பிடுங்காமல் இருக்க. கத்தரி நன்றாக மஞ்சளாகப் பழுக்கவேண்டும். தக்காளி விதையைச் சதையோடு ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் மேலிருக்கும் வழுவழுப்புப் போகும். பயிற்றையும் வெண்டியும் செடியிலேயே காயவேண்டும். காய்ந்த விதையைச் சாம்பலோடோ காய்ந்த வேப்பிலையோடோ கலந்து, காற்றுப் புகாத போத்தலில் போட்டுப் பெயரும் திகதியும் எழுதி வையுங்கள்.

கடையில் வாங்கிய கலப்பின விதையிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. உள்ளூர் இனங்களிலும், திருநெல்வேலி ஊதாக் கத்தரி, திருநெல்வேலி வெள்ளைப் பாகல் போன்ற தெரிவு செய்யப்பட்ட இனங்களிலும்தான் விதை எடுக்கலாம். இந்தத் திருநெல்வேலி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. அங்குள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் அந்த இனங்களில் நிற்கிறது.

இதை எழுதும்போது என் அம்மாவின் ஹோர்லிக்ஸ் போத்தல் ஞாபகம் வருகிறது. அதற்குள் எங்கள் வீட்டுப் பயிற்றை விதை இருந்தது. நுனி சிவந்த, முழ நீளத்துக்கும் கூடுதலான பயிற்றை. 2008 ஐப்பசியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா எடுத்த பையில் காணி உறுதியும் அந்தப் போத்தலும் இருந்தன. தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம் என்று ஒவ்வொரு இடமாகப் போத்தலும் வந்தது. முள்ளிவாய்க்காலில் பை போய்விட்டது. அம்மாவும் வரவில்லை. மெனிக்பாம் முகாமில் கூடாரத்துக்கு முன்னால், முகத்துவாரத்துப் பக்கத்து அக்கா ஒருவர் தந்த பூசணி விதையை நட்டேன். காய்த்தது. ஆனால் அந்தப் பயிற்றையை இனிக் காணமாட்டேன் என்றே நினைத்தேன்.

2012இல் வடமராட்சியிலுள்ள மாமி வீட்டுக்குப் போனபோது அவவின் பந்தலில் அது தொங்கிக்கொண்டிருந்தது. நுனி சிவந்த அதே காய். "கொம்மா தந்த விதைதானே, பாதை திறந்த நேரம்" என்றா மாமி. 2002இல் ஏ9 திறந்த பின்னர் அம்மா யாழ்ப்பாணம் போய் வந்தபோது ஒரு கைப்பிடி கொடுத்திருக்கிறா. அம்மா பொத்திப் பொத்திக் கொண்டு திரிந்த விதை அழிந்தது. அவ ஞாபகமே இல்லாமல் கொடுத்துவிட்டு வந்த விதை பிழைத்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம். யார் விதை எடுத்தாலும் மூன்று பங்கு. ஒன்று தனக்கு, ஒன்று குழுவிலுள்ள இன்னொருவருக்கு, ஒன்று வேறு ஊரிலுள்ள ஒருவருக்கு. மூன்றாவது பங்குதான் முக்கியம். ஒரே ஊரில் உள்ள விதை ஒரே வெள்ளத்தில் போய்விடும். விதை எடுக்காமல் விட்டவர்கள் ஒவ்வொரு மாரிக்கும் கடைப் பைக்கற்றுக்குக் காசு தேடவேண்டும்.

மாசி: கோடைக்கு ஆயத்தம்

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். பனி இருக்கும்போதே கோடைக்கு ஆயத்தமாகவேண்டும். மாரிக் களை, வாழைச்சருகு, வெங்காயத்தாள் எல்லாவற்றையும் பச்சைக் குழையோடும் சாணத்தோடும் அடுக்கிக் கூட்டெருக் குவியல் போட இதுவே நல்ல நேரம். ஈரம் இருக்கிறது, குப்பையும் இருக்கிறது. இரண்டு மூன்று கிழமைக்கொரு தரம் புரட்டினால் மூன்று மாதத்தில் எரு. உயர்த்திய பாத்தியை மெல்ல மட்டப்படுத்தி, செடியடியில் வைக்கோலோ சருகோ போடுங்கள். மண்ணில் பிடித்த மாரித் தண்ணீர் இன்னும் சில கிழமைக்கு நிற்கும்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மாரி மழைதான் கிணற்றை நிரப்புகிறது. அந்த மழையோடு மேலே போட்ட மிதமிஞ்சிய யூரியாவும் கீழே இறங்கும். குடிதண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்தின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. பசளையைக் குறைப்பது செலவை மட்டுமல்ல, கிணற்றையும் காப்பாற்றும்.

எங்கள் வளவுக்குத் திரும்பி வருகிறேன். நவம்பர் வெள்ளத்தில் எனது பயிற்றைப் பந்தலும் சரிந்து, காய் முற்றுவதற்கு முன்னரே கொடி அழுகிவிட்டது. போத்தலில் மிச்சம் வைத்திருந்த விதையையும் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் தின்றுவிட்டது. தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு குழு கூடியபோது சொன்னேன். ஒருவரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் கேற்றடியில் ஒரு பிள்ளை வந்து நின்றாள். தென்னைக்கு மகனின் பெயர் வைத்த அந்தத் தாயின் பேத்தி. கையில் கடதாசியில் மடித்த ஒரு பொட்டலம்.

"அன்ரி, அம்மம்மா இதைத் தந்துவிடச் சொன்னவ. போன வருசம் நீங்கள் குடுத்த பங்காம்."

இருபத்தெட்டு விதை இருந்தது. எண்ணிப் பார்த்தேன். மாசி முதல் கிழமையில் ஊன்றுவேன். முளைத்துக் காய்த்தால் அதிலும் மூன்று பங்கு.